தோளில் போடாத துண்டு

சித்திரை மாதம், மூன்று மணி வெயிலில், எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்று பார்க்காதவர்கள் யாரும் எனக்கு உடுப்பைப் பற்றிப் புத்தி சொல்ல வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மனவருத்தம் கூடாது.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவள். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாடகை வீட்டின் வாசலில் ஒரு தகரக் கூரை, அதற்குக் கீழே கேஸ் அடுப்பு, இரும்புச் சட்டி, உட்கார இரண்டு பெஞ்சு. பின்கட்டில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம் இருக்கிறது. கூடத்திலேயே தறி போட்டு அவரும் அவர் மனைவியும் பட்டு நெய்கிறார்கள். மதியம் தறிச் சத்தம் ஓயும் நேரத்தில் நான் எண்ணெய் வைப்பேன். தெரு முழுக்கத் தறியை விட்டு எழுந்து வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது டீயும் சூடாக ஒரு பஜ்ஜியும்தான்.

பல வருடம் புடவையில்தான் நின்றேன். பட்டு நெய்கிற ஊரில் எங்களைப் போன்றவர்கள் தினமும் கட்டுவது சிந்தெடிக் புடவை. விலை குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் போகும், கொடியில் போட்டால் காப்பி குடிப்பதற்குள் காய்ந்துவிடும். இத்தனை நல்ல குணம் உள்ள துணிக்கு ஒரே ஒரு கெட்ட குணம். காற்றை உள்ளே விடாது, வியர்வையை வெளியே விடாது. உடம்பு முழுக்க வேர்க்குரு வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பாவாடை நாடா.

பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன். புடவை நிற்பது மானத்தினால் அல்ல, நாடாவினால். தளர்த்திக் கட்டினால் கொசுவம் இறங்கும், இறுக்கிக் கட்டினால் இடுப்பு அறுபடும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவள் இறுக்கித்தான் கட்டுவாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆரம்பித்து, அதே இடத்தில், அதே முடிச்சு. என் இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தடம் விழுந்து, வெயில் காலத்தில் அது வெடித்துப் புண்ணானது. மஞ்சள் வைத்தேன், தேங்காய் எண்ணெய் வைத்தேன். ஆறுவதுபோல் ஆறி மறுபடி வெடித்தது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"இந்த இடத்துல எதுவும் இறுக்கக் கூடாதும்மா. நாடாவும் வேணாம், எலாஸ்டிக்கும் வேணாம். இப்படியே உரசிக்கிட்டே இருந்தா ஆறாத புண்ணாயிடும். அப்புறம் அறுத்துப் பாக்கற வைத்தியம்தான்."

"அப்போ நான் இன்னா கட்டறது டாக்டர்? சுடிதாருக்கும் நாடாதான இருக்குது."

"வீட்ல நைட்டி இல்லையா?"

இருந்தது. ராத்திரி படுக்கப் போடுவதற்கென்று ஒன்று. அன்றிலிருந்து பகலுக்கும் அதுதான் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்த நேரம் போதுமாக இருந்தது.

நைட்டிதானே, எதையாவது எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். கடைக்காரர் "பியூர் காட்டன்க்கா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். நம்பாதீர்கள். இந்த ஊரில் பட்டு வாங்கினால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கிறோம். முடி கருகும் வாசனை வந்தால்தான் பட்டு என்று ஒத்துக்கொள்கிறோம். உடம்பில் தினமும் ஒட்டிக் கிடக்கிற நைட்டியை மட்டும் யாரும் கொளுத்திப் பார்ப்பதில்லை. நான் என் அடுப்பிலேயே பார்த்தேன். அவர் கொடுத்தது சுருண்டு, உருகி, குண்டூசித் தலை மாதிரி கெட்டியாக நின்றது. திரும்பக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு வேறு வாங்கி வந்தேன். பருத்தி இழை காகிதம் எரிகிற மாதிரி எரியும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், பருத்தி முதல் தண்ணீரிலேயே சுருங்கும். கழுத்தில் லேஸ், சுருக்கம் எதுவும் வேண்டாம், வியர்வை தங்குகிற இடமே அதுதான். வெளிர் நிறம் எடுங்கள், ஆனால் சின்னப் பூப்போட்டதாக எடுங்கள், கடலை மாவு தெறித்தால் தெரியாது. கை முட்டி வரை இருக்க வேண்டும், எண்ணெய் யாரையும் கேட்டுத் தெறிப்பதில்லை. நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், தடுக்கினால் முன்னால் இருப்பது கொதிக்கிற சட்டி. கஞ்சி போடாதீர்கள். வலது பக்கம் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பை வைத்தால் நன்றாக இருக்காது என்று டெய்லர் சொல்வார். யாருக்கு என்று கேளுங்கள்.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கின நைட்டியோடு ஒரு மதியம் கடையில் நின்றேன். காற்று உள்ளே வந்து போயிற்று. அன்று எனக்குக் கிடைத்த சுகத்தை நான் எங்கே போய்ச் சொல்ல. கல்யாணத்துக்குக் கட்டின பட்டுகூட அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் நைட்டி புதிதொன்றும் இல்லை. நைட்டியோடு தண்ணீர் பிடிக்கலாம், பால் வாங்கலாம், குப்பை வண்டியின் பின்னால் ஓடலாம். ஆனால் மேலே ஒரு துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். துண்டு போட்டால் நைட்டி மறைந்துவிடும் என்று ஓர் ஐதீகம். நான் துண்டு இல்லாமல், அதுவும் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில், நாலு பேர் பார்க்க நின்றேன். அந்த நாலு பேரும் மேலே பனியன்கூட இல்லாமல், லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, என் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றபடி, காலம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. நான் மூடப் பார்க்கவும் இல்லை. கூட ஒரு கரண்டி சட்னி ஊற்றினேன்.

ஒரு வாரம் போயிருக்கும். வீட்டுக்காரரின் மனைவி பின்கட்டுக்கு வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி. அன்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாமா இது, ரோட்டுல நைட்டியோட நின்னுக்கினு. அவரு ரொம்ப கோவமா இருக்காரு. புடவை கட்டிக்கினு நிக்கறதுன்னா நில்லு, இல்லன்னா முன்னாடி எடத்த காலி பண்ணிடுன்னு சொல்றாரு."

வாசல் இடம் போனால் கடை போயிற்று. வேறு தெருவில் அடுப்பு போட எனக்கு யாரும் இடம் கொடுக்கப் போவதில்லை. பயம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் முந்திக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் என் இடுப்பைக் காட்டினேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் தன் கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கினார். அதே கறுப்புத் தடம். ஓரிடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது, மேலே மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

"எனக்கும் இருக்குதுமா. தறியில குனிஞ்சி உக்காந்தா இன்னும் உள்ள போவுது."

"ஆஸ்பத்திரிக்கு போனியாக்கா?"

"இத போயி எப்பிடிம்மா காட்டறது?"

"அண்ணனுக்கு தெரியுமா?"

அக்கா கொசுவத்தைச் சரி செய்தார். அடுத்த திங்கட்கிழமை அவரை நான் அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வரும் வழியில் ஒரு நைட்டியும் வாங்கினோம், இழையைக் கொளுத்திப் பார்த்துத்தான். "வீட்டுக்குள்ள போட்டுக்கறதுக்கு" என்று அக்கா என்னிடம் நான்கு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகுதான் துண்டு வந்தது. அக்கா புதுத் துண்டு ஒன்றை, கடை மடிப்புகூடக் கலையாமல், என் கையில் கொடுத்தார்.

"அவருகிட்ட பேசிட்டேன். நைட்டியே போட்டுக்கோ. மேல இத போட்டுக்கினா போதும்னுட்டாரு."

எனக்காக அவர் வீட்டில் எவ்வளவு பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும். என் கணவரும், "துண்டுதான, போட்டுக்கோயேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் வெறும் மேலோடு ஃபேனுக்கு நேராகப் படுத்திருந்தார். குனிந்தால் துண்டு எண்ணெயில் விழும், தீப்பிடிக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் போடாததற்குக் காரணம் அது இல்லை.

என் அப்பா கிராமத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். அப்பா தோளில் ஒரு துண்டு போட்டிருப்பார். நிலத்துக்காரர் எதிரே வந்தால் அந்தத் துண்டு தோளை விட்டு இறங்கி அக்குளுக்குள் போய்விடும். யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்துக்குக் குடிவந்து மூட்டை தூக்க ஆரம்பித்த பிறகு, குளிக்கிற நேரம் தவிர அப்பா தோளிலிருந்து துண்டை இறக்கியதே இல்லை. போலீஸ்காரர் வந்தாலும் இறக்கவில்லை, முதலாளி வந்தாலும் இறக்கவில்லை. அவர் போட்டுக்கொண்டு நின்றார். அவர் பெண் நான் போடாமல் நிற்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது, இன்னமும் அப்படித்தான் தோன்றுகிறது.

"துண்டு நல்லா இருக்குதுக்கா. சட்டி புடிக்க ஆவும்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் எங்கள் தெரு அம்மன் ஊர்வலம். சாயந்திரம் மேளச் சத்தம் தெருமுனையில் கேட்க ஆரம்பித்தபோது நான் கடைசி ஈடு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வெளியே வந்தார். வேட்டி, வெறும் மார்பு, தோளில் துண்டு.

"சாமி வர்ற நேரம். இன்னிக்காவது அந்த துண்ட போட்டுக்கோம்மா."

"அம்மனுக்கே வெயிலுக்கு சந்தனக் காப்புதாண்ணா சாத்தியிருக்காங்க. அதுக்கு புழுங்குது, எனக்கு புழுங்காதா?"

"சாமிகூட போட்டி போடாத. ஒரு துண்டு போட்டா இன்னா கொறஞ்சிடுவ?"

அடுப்பை அணைத்தேன். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அப்பா தோள்ல துண்டு இருக்கக் கூடாதுன்னு ஊர்ல ஒரு நிலத்துக்காரரு நெனச்சாரு. என் தோள்ல போடுன்னு நீங்க சொல்றீங்க. அவரு வேற, நீங்க வேற, எனக்கு தெரியும்ணா. ஆனா தோள் எங்களுது."

பெஞ்சில் இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ காலி பண்ணிடு. நாளைக்கே காலி பண்ணிடு."

"அவ எதுக்கு காலி பண்ணணும்?"

அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். கையில் தேங்காய், வெற்றிலையோடு தட்டு. உடம்பில் நாங்கள் வாங்கிய அந்த நைட்டி. மேலே துண்டு இல்லை.

"நீ இன்னா இது..." என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கும் அதே டாக்டர் அதேதான் சொன்னாங்க. நாடா கட்டக் கூடாதுன்னு. புண்ணு."

"புண்ணா? உனக்கா? எங்க?"

அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

"பக்கத்து தறியிலதான உக்காந்துக்கினு இருக்கறேன், இத்தினி வருஷமா. இப்பத்தான் கேக்கற."

அவர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். சாமி வந்தது. அக்கா தட்டை நீட்டினார், நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அர்ச்சகர் எங்கள் இருவருக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். காலி பண்ணுவதைப் பற்றி வீட்டுக்காரர் மறுநாளும் பேசவில்லை, அதற்கடுத்த நாளும் பேசவில்லை.

ஆடி மாதம் காற்றடிக்கத் தொடங்கியபோது எனக்குப் புண் ஆறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிடுச்சும்மா, இனிமே தளர்வா புடவை கட்டலாம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நான் கட்டவில்லை. இன்றைக்கும் நைட்டிதான். துண்டில் சட்டி பிடிக்கிறேன்.