நேரே வரச் சொன்னது யார்

அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மறைப்பை இன்னும் வைத்திருக்கிறேன். அதை முகத்தில் மாட்டினால் விமானத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னாலுள்ள கருவிகள் மட்டும் தெரியும். முகிலுக்குள் பறக்கப் பழகுவதற்கான சாமான். கனடாவில் எனக்குப் பறக்கப் பழக்கிய தலைமை ஆசிரியர் ஒருநாள் அதை என் தலையிலிருந்து பிடுங்கி மடியில் எறிந்தார்.

அவர் யாழ்ப்பாணம் டவுன்காரர். நான் தீவுப்பக்கத்து நாரந்தனைப் பெட்டை. அன்று என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார். கருவிகளை நம்பி இறங்கும்போது, ஓடுபாதையை நோக்கித் திரும்ப வரைபடத்தில் ஒரு சுற்று போட்டிருந்தால் சுற்றித்தான் வரவேண்டும். கட்டுப்பாட்டுக்காரர் நேரே வரச் சொன்னால், அல்லது ரேடாரில் பார்த்துத் திசை சொல்லி ஓடுபாதைக் கோட்டில் கொண்டுவந்து விட்டால், அல்லது நாம் வரும் வழிக்குச் சுற்று வேண்டாமென்று வரைபடமே சொன்னால், சுற்றாமல் விடலாம். அன்று இதில் எதுவும் இல்லை. ஓடுபாதைக்கு நேரே வந்திருந்தும், விதிப்படி சுற்றினேன். "நேர நிண்டுகொண்டு ஏன் சுத்தினனீர்? தீவாராக்கள் எண்டால் சுத்தித்தான் வருவினமோ?" என்றார். பெயில். பரீட்சைக்கு விடவில்லை, ஒரு வருஷம் வீணாய்ப் போனது. அதோடு விட்டாரா மனுசன்? ஊருக்குப் போய் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், தீவெல்லாம் சுற்றிப் போகும் ஊர்காவற்றுறை பஸ்ஸைப் போல ஆகாயத்தில் சுற்றினவள் என்று என்னைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதே பந்தியில் அப்பா இருந்தார். பாதியில் இலையை மடித்துவிட்டு எழும்பினவர், பிறகு துறையடிக்கு மீன் வாங்கக்கூடப் போகவில்லை. போனால், "மகள் இறங்கிவிட்டாளோ, இன்னும் சுத்துறாளோ?" என்று கேட்டார்களாம். நான் அதை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

போன மாதம் அவர் தன் தகுதியைப் புதுப்பிக்கும் சோதனைக்கு வந்தார். சோதிப்பவள் இப்போது நான். வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அதே மறைப்பை நீட்டினேன். அவருக்கு ஞாபகமே இல்லை. கட்டுப்பாட்டுக்காரர் இறங்க அனுமதி தந்தார். நேரே வரச் சொல்லவில்லை, ரேடாரில் திசையும் சொல்லவில்லை. வரைபடத்தில் சுற்று இருந்தது. கடவுளே, இந்த மனுசன் சுற்றிவிடக் கூடாது என்று பக்கத்தில் இருந்து வேண்டிக்கொண்டேன். அவர் சுற்றவில்லை.

"பெயில், சேர்."

"பிள்ளை, நான் நேரதானே நிண்டனான்?"

"நேர வா எண்டு ஆர் சொன்னது?"

அவர் மறைப்பைத் தானே கழற்றி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். என் வயிறு குளிர்ந்தது. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு போன் எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சொன்னேன்.

"அவனும் சுத்தினவனோ?"

"இல்லையப்பா. சுத்தாததாலதான் பெயில்."

சைக்கிளுக்குக் காற்றடிக்க வேணும் என்றார்.

"விடியக்காலமை எங்கை வெளிக்கிடுறியள்?"

"துறையடிக்கு," என்றார் அப்பா. "மீன் வாங்க."

மறைப்பு என் மடியில் கிடந்தது.