மைக்கில் போன செய்தி

எனக்கு மெதுவாகப் பேச வராது. செஞ்சியில் மைக் செட் வாடகைக்கு விட்டு, கூடவே அறிவிப்பும் செய்கிறவன் நான். ரகசியமாக ஏதாவது கேட்டால்கூட நாலு கட்டில் தள்ளி இருப்பவர் பதில் சொல்வார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தை வார்டு நர்ஸுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

என் மகள் குறைமாதத்தில் பிறந்து அங்கே இருந்தாள். டவுன் சிண்ட்ரோம் என்றார் டாக்டர். இதயத்தில் ஓட்டை, இரைப்பையைத் தாண்டியதும் குடலில் அடைப்பு. இதயத்தைப் பிறகு பார்க்கலாம், குடல் காத்திருக்காது என்று ஆபரேஷன் செய்தார்கள். இனி அவள் வெளிக்குப் போனால்தான் பால் கொடுப்பார்களாம். போகாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும், அந்தச் சின்ன உடம்பு தாங்குமா என்பது சந்தேகம்தான் என்றார்.

ஊரில் மாடு காணாமல் போனாலும் தெருத்தெருவாகக் கூவிச் சொல்கிற நான், இதை மட்டும் செஞ்சியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டவர்களிடம் பாப்பா கொஞ்சம் வெயிட் கம்மி என்று சமாளித்தேன். வெட்கம்தான், வேறென்ன.

வார்டு வாசலில் நான் நடந்த நடையைப் பார்த்து என் மனைவிக்குத் தலை சுற்றியது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ஒப்புக்கொண்ட மைக் வேலை வேறு இருந்தது. "இங்க நின்னு இன்னா பண்ணப் போற? போயி அங்கயாவது கத்து, போ" என்று துரத்திவிட்டாள்.

மத்தியானமே கோயிலைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. தொலைந்த பிள்ளை, தொலைந்த பர்ஸ், கூட்டத்தில் பிரிந்த மாமியார் என்று வரிசையாக அறிவித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவிதான். ஒரு கையில் போன், ஒரு கையில் மைக். போன் வந்தால் முதலில் மைக்கை அணைக்க வேண்டும் என்று வேலைக்கு வருகிற பையன்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன்.

"இன்னாது, பாப்பா ஆய் போயிட்டாளா?"

மேல்மலையனூர் முழுக்கக் கேட்டது. பொரி அளந்துகொண்டிருந்தவர் படியோடு நிமிர்ந்து பார்த்தார். எங்கோ சிரிப்புக் கிளம்பிக் கூட்டமெல்லாம் பரவியது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிய சத்தமும் சேர்ந்து எட்டு ஸ்பீக்கரிலும் போனது.

மாமியாரைத் தேடி என் பக்கத்தில் நின்றிருந்த அம்மாள், அந்தப் பாப்பாவும் காணாமல் போனதா என்று கேட்டார்.

"இல்லம்மா, என் பொண்ணு. டவுன் சிண்ட்ரோம் கொழந்த. கொடல்ல ஆப்ரேசன் ஆயிருக்குது. இனிமே பால் குடுப்பாங்க."

அதுவும் மைக்கில்தான் போனது. கூட்டத்தில் செஞ்சிக்காரர்கள் பாதிப் பேராவது இருந்திருப்பார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த அம்மாள் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பொரிக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

போனை இன்னும் வைக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. காதில் வைத்தேன். மறுமுனையில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். மானத்தை வாங்கிவிட்டேன் என்று திட்டப்போகிறாள் என நினைத்து, கேட்டதா என்று இழுத்தேன்.

"கேட்டுச்சு. என் பொண்ணுன்னு நீ சொல்லி இப்பதான்யா கேக்குறேன்."