கட்டிங் மாஸ்டர் ஒட்டிய விமானம்

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாமல் இருந்து என்ன வாழ்ந்துவிட்டோம்? எங்கள் வீட்டுக்காரர் பேர் வெள்ளையன். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் பழனாத்தாள், அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, அழுக்கு, விட்டுப்போன தையல் கண்டுபிடிப்பது என் சோலி. குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா?

குண்டடத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கிணறு வற்றியது, வந்துவிட்டோம். அவ்வளவுதான் கதை, அதை நினைத்து அழ எனக்கு நேரமில்லை. கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவர், துணி விரித்து, வெட்டுப் பழகி, மாஸ்டர் ஆனார். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட, நானும் மாஸ்டர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் மனுசன் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்.

இரண்டாயிரத்து எட்டில், ஆடி கழிந்த சமயம், அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கட்டிங் மெஷினில் போயின. துணியை அடுக்காக விரித்து, இடது கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் மெஷினைத் தள்ளுவார்கள். அமுக்குகிற கைக்கு இரும்பு வலையில் செய்த கையுறை உண்டு. எங்கள் கம்பெனியில் டேபிள் இரண்டு, கையுறை ஒன்று. அன்றைக்கு அது பக்கத்து டேபிளில் இருந்தது. ஷிப்மென்ட் அவசரம், காத்திருக்க முடியாது என்று வெறும் கையோடு வெட்டினார். விரல் போன மறுவாரமே இரண்டாவது கையுறை வந்து சேர்ந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

முதலாளி செல்வக்குமார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார். காயம் ஆறியதும் வாசல் கேட்டில் காவலுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். "கை வசமாச்சுன்னா தை பொறந்ததும் டேபிளுக்கு வாங்க மாஸ்டர். இல்லீன்னா கேட்டு இருக்கவே இருக்குதுங்க" என்றார்.

கேட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து மாஸ்டர் பாதியாகிப்போனார். நேற்று வந்த டிரைவர் பையன்கூட ஹாரன் அடித்துக் கேட்டைத் திறக்கச் சொல்வான். எழுந்து திறப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எப்படியாவது டேபிளுக்குத் திரும்ப வேண்டும், அது ஒன்றுதான் அவர் நினைப்பு. எனக்கும் ஒரே நினைப்புதான்: அந்த மெஷின் பக்கம் இந்த மனுசன் மறுபடி போகக் கூடாது. எட்டு விரல் மிச்சம் இருக்கிறது, அந்த எட்டோடு காலம் போகட்டும்.

அந்த நேரத்தில்தான் விமானம் வந்து சேர்ந்தது. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருத்தர், சின்னப் பசங்க பனியனில் பழைய சண்டை விமானப் படம் போட ஆர்டர் பேசியபோது, மாதிரிக்கு ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உலக யுத்தத்தில் பறந்த விமானமாம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகளாக இருக்கும், நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் வியாபாரம் படுத்து, ஆர்டர் நின்றுபோய், பெட்டி சாம்பிள் ரூமில் தூசி படிந்து கிடந்தது. பையர்களோடு பேசும் வேலையில் இருக்கிற இளங்கோ அதை எடுத்து வந்து, "சும்மா உக்காந்திருக்கறதுக்கு இத ஒட்டிப் பாருங்க மாஸ்டர், கைக்கும் எக்சர்சைஸ் ஆகும்" என்று கேட்டில் கொடுத்துவிட்டான்.

மாஸ்டர் அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார்.

"இத ஒட்டி முடிச்சுட்டன்னா என்ற கை டேபிளுக்குத் தயார்னு அர்த்தம், பழனா."

"முடிக்கலீன்னாங்க?"

"கேட்டுதான். பொறவு பேச்சே இல்ல."

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அது முடியவே கூடாது என்று மாகாளியாத்தாவுக்கு வேண்டிக்கொண்டேன்.

முதல் நாளே வேண்டுதல் பலித்த மாதிரி இருந்தது. துண்டுகளெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காம்பு காம்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. தாளில் உள்ள படத்தைப் பார்த்து, வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். நம்பர் துண்டில் கிடையாது, சட்டத்தில்தான் பொறித்திருக்கிறது. கட்டிங்காரருக்கு இது எங்கே தோன்றும்? எங்கள் தொழிலில் முதலில் மொத்தத்தையும் வெட்டு, வேஸ்ட்டைக் கழி, டேபிளைச் சுத்தம் பண்ணு, அப்புறம்தான் மற்றது. பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்து எல்லாத் துண்டையும் வெட்டிக் குவித்தார். வெறும் சட்டங்களைக் கட்டிங் வேஸ்ட் மூட்டையில் போட்டார். மத்தியானம் வேஸ்ட்காரன் வண்டியில் அது ஏறிப்போனது. சாயங்காலம் தாளை விரித்தால், படத்தில் நம்பர் இருக்கிறது, துண்டில் இல்லை.

"அட அக்கிரமமே! ஒட்டுக்கா வெட்டிப் போட்டுட்டனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சாது உடுங்க. கேட்ல காத்தாட உக்காந்திருங்க" என்றேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

விடுவாரா? அந்த வருசம் கரண்டு இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்று தோன்றும். பட்டப்பகலில் மெஷினெல்லாம் நின்றுவிடும், தைக்கிற பெண்பிள்ளைகள் துணிக் குவியல்மேல் சாய்ந்து தூங்குவார்கள். மாஸ்டர் கேட்டோரம் ஒரு அட்டையை விரித்துத் துண்டுகளைப் பரப்பிக்கொள்வார். நம்பர் போனால் போகட்டும், பனியனில் முன்பக்கத்துக்குப் பின்பக்கம் ஜோடி பார்த்து வெட்டியவர்தானே. ஜோடி ஜோடியாகப் பிரித்தார். இறக்கைக்கு மேல், கீழ். உடம்புக்கு இடது, வலது. சக்கரம் ரெண்டு. ஜோடி இல்லாத பொடித் துண்டுகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு டப்பா மூடியில் போட்டு ஓரமாக வைத்தார்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு! கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் துண்டைப் பிடித்தால் நழுவும். மண்ணில் விழுந்ததைக் குனிந்து தேடுவார். சிலசமயம் இல்லாத விரலை இருப்பதாக நினைத்து நீட்டுவார், அதைத்தான் என்னால் பார்க்க முடியாது. ஒருநாள் ஃபெவிகுயிக் இறக்கையோடு சேர்த்து அவருடைய மொட்டை விரலையும் ஒட்டிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அப்படியே என் முன்னால் வந்து நின்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. போன வெரலுக்குப் பதிலா ரெக்க மொளச்சிருச்சு."

"சிரிக்காத புள்ள. சுடுதண்ணி கொண்டா."

ஊறவைத்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிரித்துவிட்டேன். அந்த மொட்டை விரல் என் உள்ளங்கையில் சூடாகக் கிடந்தது. வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். வாங்கவில்லை.

மார்கழி முடிவதற்குள் விமானம் உருவாகிவிட்டது. கம்பெனி கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் மிச்சம் கிடந்தது, அதையே பூசினார். பொங்கல் லீவு முடிந்து வேலை தொடங்கிய அன்றைக்கு, அதைப் பனியன் துணியில் சுற்றி ஆபீஸ் ரூமுக்கு எடுத்துப்போனார். என்னையும் கூட வரச்சொன்னார்.

முதலாளி வாங்கிப் பார்த்து அசந்துபோனார். "அடேங்கப்பா! இந்தக் கையிலயா பண்ணுனீங்க மாஸ்டர்?"

"இந்தக் கையிலதானுங்க."

"அப்பறமென்னங்க? திங்கக்கெழம டேபிளுக்கு வந்துருங்க."

மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். அவர் அப்படி நின்று பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்த மெஷினை நினைத்தால் பயமாகவும் இருந்தது. முதலாளி விமானத்தை என் கையில் கொடுத்தார். கையில் எது வந்தாலும் திருப்பிப் பார்க்கிற புத்தி போகுமா? வால், வயிறு, சக்கரம், ஒட்டு, எல்லாம் சுத்தம். மேலே இருந்த கண்ணாடி மூடி வழியாக உள்ளே பார்த்தேன். குட்டியாக ஒரு சீட்டு. சீட்டு காலி.

"ஏனுங்க, இதுல ஓட்டற ஆளக் காணமுங்களே" என்றேன். குறை சொல்லும் நினைப்பே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். முதல் படமே அவன்தான். ஆளைச் சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் மற்ற எல்லாமே. நம்பர் தொலைந்ததால் மாஸ்டர் பெரிய துண்டுகளிலிருந்து ஆரம்பித்தார். ஆளுக்கு ஜோடி இல்லை, டப்பா மூடியிலேயே கிடந்துவிட்டான். இனி உடைக்காமல் அவனை உள்ளே வைக்க முடியாது.

முதலாளி சிரித்தார். "ஆள் எதுக்குங்க மாஸ்டர்? வெளிய இருந்து பாத்தா தெரியவா போவுது? வேல முடிஞ்சிருச்சில்ல, அது போதுமுங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மாஸ்டர் தன் இடது கையைப் பார்த்தார். வேலை முடிந்தால் போதும் என்றுதான் அன்றைக்கும் வெறும் கையோடு வெட்டினார்.

"நா கேட்லயே இருந்துக்கறனுங்க" என்றார்.

"என்னங்க இது? இப்பத்தான கை சரியாயிருச்சுன்னு..."

"கை சரியாத்தானுங்க இருக்குது. அதுல ஒன்னும் கொறையில்லீங்க. நா கேட்லயே இருந்துக்கறனுங்க."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோசம்தான் வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் மனசுக்குள் மாகாளியாத்தாவைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கேட்டதைக் கொடுத்ததற்காகத் திட்டு வாங்கிய சாமி அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வீட்டில் விமானத்தை டிவி மேல் வைத்தார். டப்பா மூடியைத் துழாவி அந்த ஆளை எடுத்தார். துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியவன், தொப்பி போட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"கண்ணாடிய மெதுவா நோண்டி எடுத்து உள்ள வெச்சுப் போடலாமுங்க. நா புடிச்சுக்கறேன்" என்றேன். நெசமாகவே ஆசைப்பட்டுத்தான் சொன்னேன்.

"வேண்டாம் புள்ள" என்று அவனை விமானத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அவன் வெளியவே இருக்கட்டும். முழுசா இருக்கறானில்ல."