அவர் இல்லாத எங்கள் வீடு

என் வீட்டுக்காரர் சினிமாவில் நடித்திருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. அவர் காலம் முழுக்க டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. மாமனார் காலத்தது, நடுவில் சின்ன முற்றம். அதைப் பார்த்துவிட்டு, படம் எடுக்க வேண்டும் என்று ஒரு பெண் வந்து கேட்டாள். என் மகள் வயதுதான் இருக்கும். அவள்தான் டைரக்டர் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. படப்பிடிப்பு நடந்தபோது நான் பல்லாவரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். இவர் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இங்கேயே தங்கிவிட்டார். நான் திரும்பி வந்ததும் ஒரே பெருமை.

“நானும் நடிச்சிக்கீறேன், தெரியுமா?”

“நீங்களா? இன்னா வேஷம்?”

“வசனம் கெடையாது. ஆனா படம் பூரா நான் கீறேன். பாரு, நீயே அசந்துடுவ.”

அவ்வளவுதான் சொன்னார். ஈஸி சேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கிழவராக வருவார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

படம் பெரிய தியேட்டர் எதற்கும் வரவில்லை. ஆனால் ஏதோ விருதுப் போட்டியில் சேர்த்திருக்கிறார்கள் என்று டைரக்டர் பெண் போன் செய்தாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு கட்டிடத்து மாடியில் சின்ன தியேட்டர் இருக்கிறது. சினிமா மேல் உள்ள ஆசைக்காக ஒருவர் நடத்துவது. வருடா வருடம் விருது அறிவிக்கும் முன்னால், போட்டியில் இருக்கிற படங்களை எல்லாம் மாற்றி மாற்றி அங்கே போடுவார்களாம். பத்திரிகைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். “அம்மா, நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்” என்றாள்.

நான் பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போனேன். மாடிப்படியில் கூட்டம். இவர் பின்னாலிருந்து, “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று குரல் கொடுத்தார். முன்னால் நின்ற பிள்ளைகள் பயந்துபோய் வழி விட்டார்கள்.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியே என் அடுப்பங்கரை. நெற்றியில் பொட்டில்லாத ஒரு பெண் என் பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கூடத்துச் சுவரில் இவருடைய போட்டோ. ரிடையரான அன்றைக்குக் காக்கிச் சட்டையில் எடுத்தது. எப்போதும் அந்த இடத்தில் மாட்டியிருப்பதுதான். ஆனால் படத்தில் அதற்கு மாலை போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே சிவப்பாக ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னாங்க இது?”

“எப்பிடி? நான்தான் அந்தம்மாவோட வூட்டுக்காரன். செத்துட்டேன்” என்று என் காதோரம் சொல்லிச் சிரித்தார்.

என் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. முந்தின வருடம்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான் வேண்டாத தெய்வம் இல்லை. அப்படி மீட்டுக் கொண்டுவந்த மனுஷனுக்கு மாலை போட்டு, இத்தனை பேர் பார்க்கச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். “எழுந்திரிங்க, போலாம்” என்றேன். பின்னால் இருந்தவர் “உஸ்” என்றார். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் இவர் மூச்சு விடுகிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இவருடைய சிரிப்பு நின்றுபோனது. முன் சீட்டைப் பிடித்தபடி குனிந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தார். பெரிய கதை ஒன்றும் இல்லை. புருஷன் போன வீட்டில் நாட்கள் நடக்கின்றன. கேஸ்காரன் வருகிறான். பையன் வேலைக்குப் போகிறான். முற்றத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் கீரை ஆய்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஏதோ சொல்ல, இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், கூடத்தின் நிழலில், சிவப்புப் புள்ளியாக அந்த பல்ப்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மாள் இவரைக் கண்டதும் ஒரு அடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். காலேஜ் பையன் ஒருவன் ஓடி வந்தான்.

“சார், அந்த போட்டோ நீங்கதான? உயிரோட இருக்கீங்க!”

“இன்னா பண்றது தம்பி, நம்ம ஸ்டாப் இன்னும் வர்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரை வாசலிலேயே நிற்க வைத்து, கல்லுப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். போட்டோவைக் கழற்றிப் பார்த்தேன். துடைத்துத்தான் திருப்பித் தந்திருந்தார்கள். ஆனாலும் சட்டத்தின் ஓரத்தில், கண்ணாடி இடுக்கில், சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. இத்தனை மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் விளக்கேற்றியிருக்கிறேன். ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். டைரக்டர் பெண்ணுக்குப் போன் செய்து, அந்தப் போட்டோ வரும் இடத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். “அம்மா, அது இல்லன்னா படமே இல்லம்மா” என்றாள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்.

அதற்குப் பிறகு இவர் மாறிப்போனார். நாள் பூராவும் தொணதொணவென்று பேசுகிறவர் வாயைத் திறக்கவில்லை. நான் சமைக்கும்போது அடுப்பங்கரை நிலைப்படியில் வந்து நிற்பார்.

“இன்னா வேணும்?”

“ஒன்னுமில்ல. நீ பாட்டுக்குப் பண்ணு.”

திரும்பிப் பார்த்தால் அங்கேயே நிற்பார். காலையில் பார்க்குக்குப் போகிறேன் என்று கிளம்பினால், சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வருவார். நெஞ்சில் ஏதோ செய்கிறது, என்னிடம் மறைக்கிறார், தனியாக டாக்டரைப் பார்க்கிறார் என்றெல்லாம் பயந்தேன். அம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்தேன். அப்போதுதான் டைரக்டர் பெண் மறுபடி போன் செய்தாள்.

“அம்மா, அப்பா ஒரு ஷோ கூட விடல. நம்ம படம் போடறப்பல்லாம் வந்துடறாங்க. எங்களுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?”

ஆட்டோ பிடித்துப் போனேன். படம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை, கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். முடிந்து வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

“மாலை போட்ட போட்டோவப் பாக்கவா தெனம் ஓடி வர்றீங்க? அபசகுனமா இல்ல?”

“அத யாரு பாக்கறா? அந்த மூஞ்சியத்தான் ஷேவிங் பண்றப்ப பாக்கறேனே.”

“பின்ன?”

அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். “பால் பொங்குது. கேஸ்காரன் வரான். வெயிலு முத்தத்துல அதே எடத்துல வுழுது. நான் மட்டும் இல்ல. ஒன்னும் நிக்கல, பாத்தியா?”

“அது சினிமாங்க.”

“வூடு நம்ம வூடுதான?”

நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“அந்தம்மா கீரை ஆயறப்ப சிரிக்குது பாரு, அதுக்குத்தான் வரேன்.”

“அவ நடிக்கறா. சிரின்னு சொன்னாங்க, சிரிக்கறா.”

“நீயும் ஒருநாள் அப்பிடி சிரிப்ப. சிரிக்கணும். ஆனா அன்னிக்கி நான் கீறமாட்டேனே. வேற எப்ப பாக்கறது?”

எனக்குக் கோபம் வந்தது. “நான்தான் முன்னாடி போவேன். மஞ்சள் குங்குமத்தோட போணும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆத்தாகிட்ட கேட்டுகினு கீறேன்.”

“அங்கயும் சீட்டு புடிச்சி வெச்சிட்டியா?” என்றார். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. “அப்ப எனக்கு யாரு?” என்றார்.

இத்தனை வருடம் அம்மன் முன்னால் நின்று கேட்டவளுக்கு, மிச்சம் இருக்கப்போகிறவரைப் பற்றி ஒரு நாளும் தோன்றவில்லை.

கடைசி ஷோவுக்கு நானே கூடப் போனேன். தடுத்தால் தனியாகப் போவார், அதற்கு இது மேல். கீரை ஆயும் காட்சி வந்தது. அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இவர் அசையாமல் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புரிந்தது, அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. அழுதாலும் பார்ப்பார், சிரித்தாலும் பார்ப்பார். அந்த இருட்டில் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விருது வேறு ஏதோ படத்துக்குப் போய்விட்டது. டைரக்டர் பெண் அழுதாளாம். இனிமேல் எங்கும் போடமாட்டார்கள் என்று நான் மனசுக்குள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். அந்தப் பெண் மன்னிக்க வேண்டும்.

இவர் நன்றாகத்தான் இருக்கிறார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பேச்சும் பழையபடி வந்துவிட்டது. பார்க்குக்குப் போனால் பார்க்குக்குத்தான் போகிறார்.

நேற்றுக் காலை வாசலில் பூக்காரம்மாவிடம் நின்றுகொண்டிருந்தேன். தன் மருமகள் யூடியூப் பார்த்து வைத்த ரசத்தைப் பற்றி அவள் சொன்னாள். “ரசமா அது? கரண்டி நட்டுகினு நிக்குதுமா!” எனக்கு அடக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டேன்.

உள்ளே பேப்பர் புரட்டுகிற சத்தம் நின்றது.

பூக்காரம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்துவதா, வேண்டாமா என்று தெரியாமல், கையில் பூவோடு, தெருவைப் பார்த்தபடியே நின்றேன்.