வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறவள்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் ஞானசௌந்தரியைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஜாய்சன் சாருடைய அக்கா. கல்யாணம் ஆகாதவள். ஐம்பதை நெருங்குகிறாள். சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமையானால் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போகிறாள்.

சந்தைக்குப் போவது பொய்யில்லை. ஆனால் சானடோரியம் ஸ்டேஷனில் முதலில் அவள் ஏறுவது பல்லாவரம் போகும் ரயிலில் அல்ல, எதிர்த்திசையில் போகும் ரயிலில். ஒரு ஸ்டேஷன் தூரம்தான். தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் பூபதி தியேட்டர். பத்தரை மணிக் காட்சி. ஒன்றரைக்குப் படம் முடிந்ததும் மறுபடி ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்குவாள். முக்கால் மணி நேரத்தில் கீரை, வெண்டைக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று பையை நிரப்பிக்கொண்டு மூன்றரைக்கு வீடு. பதினோரு வருடங்களாக இப்படித்தான். நல்ல வேளையாகப் புதுப்படமும் வெள்ளிக்கிழமைதான் வருகிறது, சந்தையும் வெள்ளிக்கிழமைதான் கூடுகிறது.

அவர்கள் சபையில் தியேட்டர் என்பது பாவம். போன் பாவமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜாய்சன் இரவு ஜெபம் முடிந்ததும் காதில் வயரை மாட்டிக்கொண்டு படுப்பான். பீரோக் கண்ணாடியில் சண்டைக்காட்சி ஓடுவதை ஞானசௌந்தரி பலமுறை பார்த்திருக்கிறாள். ஒன்றும் சொன்னதில்லை.

படம் பார்த்தவர்கள் யாரிடமாவது பேசுவார்கள். அவளுக்குப் பேச ஆளில்லை. அதனால் பார்த்த படமெல்லாம் அவளுக்குள்ளேயே கிடந்தது, அவள் பார்த்த விதத்திலேயே. கதாநாயகனின் அம்மா முதல் பாதியில் இரண்டு தடவை இருமினால் இரண்டாம் பாதியில் செத்துப்போவாள் என்பதை எந்தப் பத்திரிகையும் படிக்காமலே கண்டுபிடித்திருந்தாள். பாத்திரம் தேய்க்கிற காட்சியிலும் அம்மாவின் புடவை இஸ்திரி கலையாமல் இருப்பது அவளுக்கு எரிச்சலூட்டும். வில்லன் வீட்டில்தான் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதும், அந்தச் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்று எந்த இயக்குநரும் காட்டுவதில்லை என்பதும் அவளுடைய நெடுநாள் குறை. சண்டை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குவதற்கல்ல, ஏசி காற்றை அனுபவிப்பதற்கு.

அந்தத் தியேட்டரில் அவளைத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். பியூலா. அதே சபையைச் சேர்ந்தவள். விதவை. சபைக்குப் பின்கட்டில் பாலர் காப்பகம் நடத்துகிறாள், அதை ஒட்டிய அறையில் குடியிருக்கிறாள். காப்பகமும் அறையும் சபையுடையவை. மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, பாங்க் வேலை என்று சொல்லிக் கிளம்பி வருவாள்.

மூன்று வருடம் முன்பு ஒரு நாள் இடைவேளை வெளிச்சத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். ஞானசௌந்தரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. பியூலா கையிலிருந்த முட்டை பஃப்ஸைப் பிட்டுப் பாதியை நீட்டினாள். இவள் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் ஒப்பந்தம். அதன் பிறகு எத்தனையோ படம். ஒருத்தி இந்தக் கோடியில், மற்றவள் அந்தக் கோடியில். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாடும்போதும் பேசியதில்லை.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து இஸ்திரி போடும் ஒரு பெண்ணின் கதை. கூட்டமே இல்லை. இடைவேளையில் பியூலா போனைக் காதில் வைத்தபடி இவள் இருக்கைக்கு வந்தாள். முதல் முறையாகப் பேசினாள்.

"ஒரு குழந்தைக்கு ஜுரமாம். நான் போறேன். முடிவை நீ சொல்லணும் ஞானம்."

ஞானசௌந்தரி தலையாட்டினாள். பதினோரு வருடத்தில் அவளிடம் ஒருத்தி படத்தைப் பற்றிக் கேட்கப்போகிறாள். மிச்சப் படத்தை அவள் இரண்டு பேருக்காகப் பார்த்தாள்.

கடைசிப் பத்து நிமிடம் அந்தப் பெண் ஒரு ஓட்டலுக்குள் போகிறாள். தனியாக ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு சாப்பாடு சொல்கிறாள். இலை போடுகிறார்கள், சாதத்தில் ஆவி பறக்கிறது. யாருக்கும் பரிமாறாமல், இடையில் எழுந்திருக்காமல், ரசம் மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு இலையை மடிக்கிறாள். படம் முடிந்துவிட்டது. ஞானசௌந்தரிக்கு அழுகை நிற்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவளின் முகத்துக்கு நேராக ஒரு மைக் வந்து நின்றது.

"அக்கா, படம் எப்படிக்கா கீது? இன்னாக்கா, இப்டி அழுவுற?"

தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிய ஒரு பையன். பின்னால் கேமரா வைத்திருந்தவன் இன்னொருவன். வாராவாரம் வாசலில் நிற்பவர்கள்தான். எப்போதும் தலையைக் குனிந்து சுவரோரமாகப் போய்விடுவாள். அன்றைக்குச் சொல்வதற்கு வாயெல்லாம் வார்த்தை இருந்தது. கேட்க வேண்டியவள் ஜுரம் பார்க்கப் போய்விட்டாள்.

"நல்லா இருக்குப்பா. அவ தனியா உக்காந்து சாப்பிடுறா பாரு, அதுதான் படம். மத்ததெல்லாம் அதுக்காக எடுத்தது."

"அதுல இன்னாக்கா கீது? நாங்கல்லாம் டெய்லி துன்றோமே!"

"நீ துன்னுவ. உனக்கு ஒருத்தி போடுறா. எங்க வீட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு நான் உக்காரும்போது குழம்பு ஆறி ஏடு கட்டியிருக்கும். இருபது வருஷமா சூடா ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அவ சாப்பிட்டப்ப நானே சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

நான்கு நிமிடம் பேசினாள். பையன் மைக்கை எடுக்கவே இல்லை. "வாரா வாரம் வாக்கா, உன்னிய மாதிரி யாரும் சொல்றதில்ல" என்றான். ரயிலில் பல்லாவரம் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை அவள் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜாய்சன், அவன் மனைவி எப்சி, காட்டாங்குளத்தூரில் படிக்கும் மகள் ப்ரியா. ஞானசௌந்தரி அப்பளத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்சி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினாள்.

"அண்ணி, கொஞ்சம் வந்து பாருங்களேன். உங்களுக்குப் பிடிச்ச விஷயம்தான்."

திரையில் அவள் முகம், மூக்கு சிவந்து, முந்தானை நனைந்து. மேலே கொட்டை எழுத்தில் 'தியேட்டர் வாசலில் கதறிய அக்கா'. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். சூடா ஒரு வாய் சாப்பிட்டதில்ல என்று அவள் சொன்ன இடத்தில் சோக வயலின் சேர்த்திருந்தார்கள்.

"எங்க கிளாஸ் குரூப்ல எல்லாம் ஓடுது அத்தை" என்றாள் ப்ரியா. சிரிப்பை அடக்க முடியவில்லை. "கமெண்ட் படிக்கவா? 'அக்காவுக்கு யாராச்சும் சோறு போடுங்கடா.' இன்னொருத்தன், 'குழம்பை நான் சூடு பண்ணித் தரேன், நம்பர் குடுங்க'ன்னு போட்டிருக்கான்."

எப்சி படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கக்கத்தில் மடித்த பை. "பாருங்க, பை காலி. கீரை பூபதி தியேட்டர்லதான் விக்கிறாங்க போல."

ஜாய்சன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அக்கா" என்றான் கடைசியில். "உனக்கு நாங்க சோறு போடலையா?"

"நான் அப்படிச் சொல்லல தம்பி."

"மூணு லட்சம் பேர் கேட்டிருக்காங்க" என்றாள் எப்சி. "உக்காருங்க அண்ணி. இப்பவே உக்காருங்க. ப்ரியா, அத்தைக்குத் தட்டு வை. நான் போடுறேன்."

உட்கார வைத்தார்கள். எப்சி கொதிக்கும் குழம்பை அடுப்பிலிருந்து அப்படியே கொண்டுவந்து ஊற்றினாள். மூன்று பேரும் கையைக் கழுவாமல் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்தார்கள். நாக்கு பொத்துப்போனது. "சூடு போதுமா அண்ணி?" என்று எப்சி இரண்டு தடவை கேட்டாள். பிறகு போனை எடுத்து ஏதோ தட்டினாள். "இனிமே நீங்க சந்தைக்கு அலைய வேண்டாம். காய்கறியெல்லாம் ஆப்ல பத்து நிமிஷத்துல வீட்டுக்கே வருது."

அதைக் கேட்டபோதுதான் ஞானசௌந்தரி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். கேலியெல்லாம் உடம்பில் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டால் வாரத்தில் என்ன இருக்கிறது?

சாயங்காலம் பாஸ்டர் வேதசிரோமணி வந்தார். மெத்தென்ற குரல் அவருக்கு. காபியை வாங்கிக்கொண்டு, "சகோதரி, எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"எங்க அக்கா தானாப் போற ஆள் இல்ல பாஸ்டர்" என்றான் ஜாய்சன். பாசத்தால் சொன்னானா, குடும்பத்தின் பெயருக்காகச் சொன்னானா, தெரியாது. "அவளுக்கு டிக்கெட் எடுக்கக்கூடத் தெரியாது. யாரோ பழக்கியிருக்காங்க. அது யாருன்னு தெரிஞ்சா போதும். அக்காவை நாங்க ஒண்ணும் அடைச்சு வைக்கப் போறதில்ல. சந்தை கிந்தைன்னு போய்ட்டு வந்துக்கட்டும்."

வெள்ளிக்கிழமைக்கான கதவு கொஞ்சம் திறந்தது. ஞானசௌந்தரி அதைப் பார்த்தாள். அது முழுதாகத் திறக்க யாரைத் தள்ள வேண்டும் என்பதையும் பார்த்தாள்.

"பியூலா" என்றாள்.

பாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "காப்பகம் பியூலாவா?"

"அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன்." ஒரு பொய் சொன்னதும் அடுத்தது இலகுவாக வந்தது. ஆனால் பொய் மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. நம்பும்படி ஒன்று வேண்டும். "நேத்துகூட வந்தாங்க. ஆயா போன் பண்ணினாங்க, ஒரு குழந்தைக்கு ஜுரம்னு. இடைவேளையிலதான் கிளம்பிப் போனாங்க."

எப்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களை விட்டுட்டு சினிமாவுக்கா! பாருங்க பாஸ்டர், அண்ணி பாவம்."

இருபது வருடத்தில் எப்சி அவளைப் பாவம் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பியூலாவைக் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த ஆறு பேருக்கும் தேநீர் கொண்டுபோகும் வேலை ஞானசௌந்தரிக்கு வந்தது. அவள் தட்டோடு நுழைந்தபோது ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஜுரம் வந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

பியூலா தலையைத் தூக்கி ஞானசௌந்தரியைப் பார்த்தாள். ஜுரச் சேதி வந்த இடம் யாருக்குத் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போடவில்லை, காட்டிக்கொடுக்கவுமில்லை. "தியேட்டர்ல" என்றாள்.

தேநீர் டம்ளர்கள் ஆறு. கமிட்டிக்கு மட்டும்தான். பியூலாவுக்கு இல்லை.

மாதக் கடைசியில் காப்பகத்தைப் பூட்டினார்கள். அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஞானசௌந்தரியிடமே இருந்தது. தவறான சகவாசத்திலிருந்து மீட்கப்பட்டவள் என்று ஒரு நாள் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைச் சொன்னார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்தாவது வாரம் எப்சி ஆப்பில் வந்த கீரையை முறத்தில் கொட்டி முகத்தைச் சுளித்தாள். "வெறும் தண்டு. நீங்களே சந்தையில பார்த்து வாங்கிட்டு வாங்க அண்ணி."

ஞானசௌந்தரி சானடோரியம் போனாள். எதிர்த்திசை ரயில் வந்தது. ஏறினாள்.

முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பேய்ப்படம். பேய்க்கு மட்டும் தலைமுடி இவ்வளவு நீளமாக, சிக்கில்லாமல் எப்படி இருக்கிறது என்று யோசித்தாள். நான்கு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். இடைவேளையில் முட்டை பஃப்ஸ் ஒன்று வாங்கி முழுதாகச் சாப்பிட்டாள். அந்தக் கோடி இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. வெளியே மைக் பையன் அவளைக் கவனிக்கவில்லை.

பல்லாவரத்தில் இறங்கியபோது மணி இரண்டு. பழைய சாமான் விற்கும் வரிசையைத் தாண்டித்தான் காய்கறிப் பக்கம் போக வேண்டும். பழைய மிக்ஸி, மீன்தொட்டி, காலொடிந்த நாற்காலி. அவற்றுக்கு நடுவில் ஒரு தார்ப்பாயில், சிவப்பும் மஞ்சளுமாக, குழந்தைகள் உட்காரும் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள் பன்னிரண்டு அடுக்கியிருந்தன. பக்கத்தில் மரக்குதிரை ஒன்று. பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பியூலா உட்கார்ந்திருந்தாள். கறுத்துப்போயிருந்தாள்.

ஞானசௌந்தரி திரும்பிப் போகப் பார்த்தாள். பின்னால் கூட்டம் தள்ளியது. பியூலாவின் கண் முதலில் அவள் முகத்துக்குப் போகவில்லை. கக்கத்தில் மடித்திருந்த பைக்குப் போனது. மணி இரண்டு, பை காலி. அது என்னவென்று இந்த ஊரில் பியூலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஞானம்" என்றாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை. "அந்த இஸ்திரிக்காரி படம். கடைசியில அவ என்ன ஆனா?"

ஞானசௌந்தரியின் தொண்டை வரைக்கும் அது வந்தது. ஓட்டல், இலை, ஆவி பறக்கும் சாதம்.

பக்கத்தில் யாராவது சபை ஆட்கள் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"எந்தப் படம்?" என்றாள். "நான் சந்தைக்குத்தான் வந்தேன்."

யாரோ வந்து பியூலாவிடம் சிவப்பு நாற்காலி என்ன விலை என்று கேட்டார்கள். ஞானசௌந்தரி அதற்குள் காய்கறி வரிசைக்குப் போய், பையை உதறி விரித்து, வெண்டைக்காய்க் குவியல் முன் குனிந்துவிட்டாள். எப்சிக்கு முற்றல் ஆகாது. ஒவ்வொரு காயாக எடுத்து, நுனியை ஒடித்துப் பார்த்துப் பையில் போட்டாள்.