மாப்பிள்ளை வேட்டி

எங்கள் வீட்டில் களத்து நெல் நனைந்தாலும் நனையும், மாப்பிள்ளை நனைய மாட்டார். தலைப்பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டில் இருந்தேன். மகள் பிறந்ததும் என் கணவர் சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தார். வந்த நாள் முதல் அவருக்கு நாற்காலி, ஃபேன், வேளாவேளைக்குக் காபி. பிள்ளையைத் தூக்கினால் அம்மா பின்னாலேயே நிற்பாள். பிள்ளை நனைத்துவிட்டால் வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, "நீங்க போய் உக்காருங்க மாப்பிள்ளை" என்பாள். அவரும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆபரேஷன் செய்து பிறந்த பிள்ளை. என்னால் குனிய முடியாது, சட்டென்று எழ முடியாது. மூன்றாம் மாதம் சென்னைக்குப் போய்விட்டால் அங்கே நானும் அவரும்தான். அவருக்கு அம்மா இல்லை. ஒரு துணி மாற்றக்கூடத் தெரியாத மனுஷனோடு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று பயந்துகொண்டே கிடந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை மூத்திரத்துணி மாற்ற விட்டால் ஊர் என்ன பேசும் என்று அதட்டினாள்.

அவர் ஆசையாக ஒரு டயாப்பர் பாக்கெட் வாங்கி வந்திருந்தார். ஒன்று போட்டதுமே பிள்ளையின் தொடை சிவந்துவிட்டது. அம்மா பாக்கெட்டை பீரோ மேல் ஏற்றிவிட்டாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்த துணிதான் பிள்ளைக்கு. துவைத்துத் துவைத்து நைந்ததாக இருக்க வேண்டும், புதுத்துணி கூடாது. ஐப்பசி அடைமழையில் அது எதுவும் காயவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருந்தோம். மாப்பிள்ளை காபி குடிக்கும்போது ஈரத்துணி தலையில் உரசும்.

அன்று மத்தியானம் வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, நட்ட சம்பா தண்ணீரில் முழுகிவிட்டது. அதை வாரிப்போட ஆள் கிடைக்கவில்லை. அப்பாவோடு அம்மாவும் கிளம்பினாள். எதெது எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் எனக்குத்தான் சொன்னாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் போன கொஞ்ச நேரத்திலேயே பிள்ளை வெளிக்குப் போய்விட்டாள். மடித்து வைத்த துணி தீர்ந்திருந்தது. அவர் கொடியில் கிடந்ததையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அத்தனையும் ஈரம். பிள்ளை வீரிட்டாள். நான் எழப் பார்த்தேன், தையல் சுரீரென்று இழுத்தது, உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் பையைத் திறந்து ஒரு வேட்டியை எடுத்தார். ஓரத்தைப் பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்தார்.

"ஐயோ, அது அம்மா தீபாவளிக்கு எடுத்துக் குடுத்ததுங்க."

"இருக்கட்டும். அடுத்தது என்ன பண்ணணும், சொல்லு."

கட்டிலில் இருந்தபடியே சொன்னேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து முன்னாலிருந்து பின்னால் துடைக்கச் சொன்னேன், தொப்புள்கொடியில் படாமல் கீழே மடித்துக் கட்டச் சொன்னேன். அவர் இரண்டு பாதங்களையும் ஒரே கையில் பதமாகப் பிடித்திருந்தார். பிரித்தே பார்க்காத வேட்டி, அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. பிள்ளை இன்னும் அழுதாள்.

முழங்கால் வரை சேற்றோடு அம்மா திரும்பி வந்தாள். பிள்ளையின் இடுப்பில் ஜரிகைக் கரை மினுங்குவதைப் பார்த்தாள். விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவர் முகம் தொங்கிவிட்டது. இனி பிள்ளையின் பக்கத்திலேயே அவரை விட மாட்டாள் என்று எனக்கு அழுகை முட்டியது.

கை கால் கழுவிக்கொண்டு ஒரு வாளி வெந்நீரோடு வந்தாள். மிச்ச வேட்டியை எடுத்து அதில் அமுக்கினாள்.

"புதுசுல கஞ்சி இருக்கும் மாப்பிள்ளை, பிள்ளைக்குக் குத்தும்" என்றாள். கசக்கி அலசி முடித்தவள் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். "இந்தத் தலைப்பப் புடிங்க. நல்லா முறுக்கணும்."

இருவரும் எதிரும் புதிருமாக நின்று முறுக்கிப் பிழிந்தார்கள். ஒரு டம்ளரை எடுத்துத் தரச் சொல்லிக்கூட அம்மா அவரைக் கேட்டதில்லை. அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் காய வைத்தாள். பிறகு தான் எடுத்துக் கொடுத்த வேட்டியின் ஜரிகைக் கரையைத் தானே உரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை சிணுங்கினாள். அம்மா பக்கத்தில்தான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளை, பிள்ளை நனைச்சிருக்கான்னு பாருங்க" என்றாள்.

அவர் எழுந்து போனார். எப்படி மாற்றுவது என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பிள்ளையின் அழுகை நின்றது. நான் தூங்கிப் போனேன்.