இடமிருந்து மூன்றாமவர்

ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுத்துத் தருவேன். மலைமேல் பாதிப் பேர் முகம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் அப்பா முகத்தை மட்டும் நான் நேரில் பார்த்ததில்லை.

அவர் அந்தமானில் காடு வெட்டிக் குடியேறப் போனவர். கல்யாணமான மாதமே படவேட்டிலிருந்து கிளம்பிக் கப்பலேறிவிட்டார். காய்ச்சல் கண்டு அங்கேயே செத்தார். நான் அப்போது அம்மா வயிற்றில். கூட இருந்தவர்கள் அனுப்பிய தகரப்பெட்டியில் ஒரு போட்டோ இருந்தது. கடலோரத்தில், சாய்த்த மரத்தின் முன்னால், கோடாலியோடு ஐந்து பேர். கடைசி ஆளின் முகம் உப்புத்தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. இதில் அப்பா யார் என்று சின்ன வயதில் ஓயாமல் கேட்பேன். ஒருநாள் அம்மா மூன்றாவது ஆளைத் தொட்டுக் காட்டினாள். பின்னாளில் நானே அந்த முகத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு மாட்டினேன். வருஷா வருஷம் பொட்டு, மாலை, படையல்.

போன ஆடியில் தீவுக்காரர் ஒருவர் பழைய குடியேற்றப் போட்டோக்களை இணையத்தில் போட்டிருந்தார். அதில் அதே படம், அழியாத பிரதி, கீழே பெயர்களோடு. மூன்றாவது ஆள் அவருடைய அப்பாவாம். பேரன் பேத்தி எடுத்து, போன வருஷம்தான் காலமானாராம். செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பார்கள். நாங்கள் போட்ட படையலில் அவருக்குக் கூடித்தான் போயிருக்கிறது. கடைசி ஆளுக்கு நேராக என் அப்பாவின் பெயரும் ஊரும் இருந்தன.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கடைசி ஆளின் முகத்தைப் பெரிதாக்கி, எண்பது தாண்டிய அம்மாவிடம் போனை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடா இது?"

"அப்பா. இவருதாம்மா. இன்னாத்துக்கு எங்கிட்ட வேற ஆளக் காட்டுன?"

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாமியா வூட்ல பத்து பேரு. பகல்ல அவரு இருக்கிற பக்கம் தலையத் தூக்க முடியுமா? ராவுல வெளக்கு ஏது? இருவது நாளு வாழ்ந்தேன், மொகத்த எங்கடா பாத்தேன்? நீ கேட்டுக்கினே இருந்த. அந்தாளு மூக்கு உம் மூக்காட்டம் இருந்திச்சி. காட்டிட்டேன்."



அப்பாவைக் கடையில் பிரிண்ட் போட்டேன். இருபத்திரண்டு வயதுப் பையன், என் மகனைவிடச் சின்னவன். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அழுகை வரவில்லை. யாரோ அப்ளிகேஷனுக்குக் கொடுத்த படம்போல் இருந்தது. சுவரிலிருந்து பழைய படத்தைக் கழற்றியபோதுதான் அழுதேன்.